மேடை ஏறாத செருப்பு

ஞாயிறு, இரவு.

இன்று நடந்ததைச் சத்தியம் செய்து எழுதினாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. அறந்தாங்கியில் செருப்புக் கடைக்காரர்கள் சங்க விழா. வாழ்நாள் சாதனையாளர் விருது என் அக்கா புருஷன் செல்வராசு மச்சானுக்கு. ஊரே பார்க்கட்டுமென்று தன் கையால் தைத்த புதுச் செருப்பைப் போட்டு வந்தார். மேடையில் குத்துவிளக்கு எரிந்தது.

"செருப்பக் கீழ விட்டுட்டு ஏறுங்கண்ணே" என்றார் செயலாளர்.

வெறுங்காலோடு விருது வாங்கி இறங்கினால், செருப்பைக் காணோம். அது கோட்டைப்பட்டினத்தில் படகேறி, கடல் தாண்டி, ஒரு மகாராசா காலில் ஏறிவிட்டது.

"என்ன மச்சான், அழுகுறீங்களா?"

"அட போ மாப்ளே! வந்தவன் பூராம் செருப்பு வியாபாரி. அம்புட்டுச் செருப்புல என்னதப் பாத்துல்ல எடுத்திருக்கான்!"

படகும் மகாராசாவும் நான் சேர்த்த சரக்கு. பஸ் ஏறும்வரை மச்சான் சிரித்துக்கொண்டே வந்தது மட்டும் நிஜம்.