சம்ப்புக்குள் தொங்கிய வெட்டிவேர் மூட்டை

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் சமையலறை முழுக்க ப்ளீச்சிங் பவுடர் நாற்றம். "ஆஸ்பத்திரி கழுவின தண்ணியில எப்படிம்மா காபி போடறது?" என்று நீங்கள் முனகுவது கேட்ட மாதிரி இருந்தது.

மர்பி டவுனில் உங்கள் மாடியில் நாங்கள் குடியிருந்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே சம்ப். தரைக்கடியில் இருந்த அந்தத் தொட்டி ஒருநாள் விட்டு ஒருநாள் நிறையும். என் மகள் மஞ்சள் காமாலையிலிருந்து தேறிக்கொண்டிருந்த சமயம். தண்ணீரில் ஜாக்கிரதை என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேதியியல் படித்தவள் யாரை நம்புவாள்? நானே பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, குளோரின் சோதிக்கும் திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்ப்பேன். குளோரின் மிச்சமிருந்தால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. இன்னும் ஊற்றினேன். அப்போதும் இல்லை. சுண்ணாம்பை விற்று ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனோடு சண்டைக்கே போய்விட்டேன்.

பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், உங்கள் பழைய நூல் புடவையில் கட்டிய தலையணை போன்ற மூட்டை ஒன்று உள்ளே தொங்கியது. வெட்டிவேர், துளசி, இன்னும் என்னென்னவோ.

"நாத்தம் போச்சா இல்லையா?" என்றீர்கள் பெருமையாக.

போனது உண்மை. குளோரினை வேரும் இலையும் தின்றுவிட்டன. கிருமியைக் கொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதோடு, குளோரினும் இவையும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்றவை துளித்துளியாக உண்டாகும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடலாம் என்று சந்தேகிக்கிறார்கள் என்றும் விளக்கினேன். உங்கள் காதில் ஒரே சொல்தான் நின்றது.

"குளோரோஃபார்மா! அதான் எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டதும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறாரா!"

"நான் அப்பவே சொன்னேனே" என்றார் உங்கள் வீட்டுக்காரரான சார், சாய்வு நாற்காலியில் கண்ணைத் திறக்காமலேயே.

"அப்போ பவுடரே பேடா, வேணாம். சும்னே விஷத்தை எதுக்குக் கொட்டணும்?" என்றீர்கள், உங்கள் கன்னடம் கலந்த தமிழில்.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அக்கா, அந்தப் புத்துநோய் எப்பவோ வந்தாலும் வரும், வராமலும் போகும். பவுடர் இல்லேன்னா வாந்திபேதி நாளைக்கே வரும். பாப்பா உடம்பு தாங்காது. மூட்டையை மட்டும் எடுங்க."

"ஸ்வல்ப இரும்மா" என்று வாதாடக் கிளம்பினீர்கள். அதற்குள் மகள் சுவரைப் பிடித்தபடி இறங்கிவந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் அவள் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்து, கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். புடவையைச் செருகிக்கொண்டு போய் மூட்டையை நீங்களே இழுத்துப் போட்டீர்கள்.

"மொதல்ல பாப்பா கண்ணு வெளுக்கட்டும். வாசனையை அப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த முறை தொட்டி நிறைந்தபோது குப்பி மஞ்சளானது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னீர்கள்: "பாரு, கண்ணுல இருந்தது இதுல இறங்கிடுச்சு."

உங்களைக் கொண்டுபோனது இதயம். தண்ணீருக்கு அதில் பங்கில்லை என்று நானே சாட்சி சொல்வேன். சார் இன்னமும் மத்தியானம் தூங்குகிறார், குளோரோஃபார்ம் மேல் பழியைப் போட்டுவிட்டு. நான் அந்தத் துளிகளும் ஆவியாகிப் போகட்டும் என்று தண்ணீரை மூடாமல் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு பானையில் ஒரு துண்டு வெட்டிவேர் போடுகிறேன்.

இன்றும் சொட்டு விட்டுப் பார்த்தேன். நல்ல மஞ்சள். எங்கோ ஒரு குழந்தையின் கண் வெளுத்திருக்கும் என்று தோன்றியது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அக்கா. தோன்றியது, அவ்வளவுதான்.