வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பதை, அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டதாமே. போன தடவை நீ என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் போல, அம்மா "இருக்காரு, கதவுக்குப் பின்னால காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நீ சிரித்தாயா என்றுதான் தெரியவில்லை. எட்டு வருடத்தில் உனக்குப் பதினோரு கடிதம் போட்டிருக்கிறேன், நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஏன் எழுதவில்லை என்பது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விளங்கியது, அதைச் சொல்லத்தான் இந்தப் பன்னிரண்டாவது.

நான் அகழாய்வில் வரைவாளனாக இருந்தபோது உனக்கு மூன்று வயது. மூவாயிரம் வருடத்துக்கு முன் ஒரே நாளில் எரிந்துபோன நகரம். பள்ளிக்கூடத்தில் நீ மனப்பாடம் செய்தாயே, "வடக்கிலிருந்து வந்த படை நகரைத் தீக்கிரையாக்கியது, அத்துடன் ஒரு யுகம் முடிவுற்றது" என்று, அதே நகரம்தான். அந்த வரியை எழுதியவர் எங்கள் தலைவர். வெயிலோ நிழலோ தொப்பியைக் கழற்றமாட்டார், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே தொப்பி. அவருடைய யுகமுடிவில் ஓர் அறையை மண்ணும் சாம்பலும் சுரண்டி வெளியே கொண்டுவந்தவன் நான். ஒரு முழ உயரத்துக்குச் சாம்பல், அதற்கடியில் கதவோரமாக இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியதன் கை கதவை நோக்கி நீண்டிருந்தது. கதவு நின்ற இடத்திலேயே கரியாகியிருந்தது. வெளியே நடைவழிப் பக்கத்து நிலைக்கல்லில் வெண்கல வளையம், அந்த வளையத்துக்குள் தாழ்ப்பாள், போட்டது போட்டபடி. வெளிப்பக்கம், அம்மாடி. நடைவழியில் ஓர் அம்புமுனை கிடையாது, உடைந்த பானை கிடையாது. மற்ற அறைகளில் சாமான்களையெல்லாம் நிதானமாக மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். எந்தப் படையும் வந்து அந்த இரண்டு பேரைக் கொல்லவில்லை. வீட்டு மனிதர் யாரோ ஒருவர் அவர்களை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தொப்பியிடம் போய்ச் சொன்னேன். "ஏம்ப்பா, ஒரு தாழ்ப்பாளை வெச்சுக்கிட்டு ஒரு யுகத்தையே மாத்தி எழுதச் சொல்றியா? நீ படத்தைப் போடு, கதையை நான் பாத்துக்கிறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாழ்ப்பாள் இல்லாமல் படத்தைத் திரும்ப வரையச் சொன்னார். வரைந்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன். இதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. எங்கள் தொழிலில் கீழே இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை அழித்துத்தான் ஆக வேண்டும். மறு வாரமே கதவையும் நிலையையும் பெயர்த்துவிட்டுக் கீழே போனார்கள். தாழ்ப்பாளை எண் எழுதாமல் ஏதோ ஒரு பெட்டியில் போட்டார்கள், பிறகு சாமான் அறையில் நானே தேடியபோது அந்தப் பெட்டியின் அடியில் வெண்கலம் அரித்த பச்சைத் தூள்தான் இருந்தது.

குழியை மூடும்போது ஒரு வழக்கம் உண்டு. அடியில் ஒரு கண்ணாடி பாட்டில் வைப்போம், உள்ளே அந்த வருடத்து நாணயம் ஒன்றும் ஒரு சீட்டும் இருக்கும், பின்னால் தோண்ட வருகிறவர்கள் இந்த ஆழம்வரை ஏற்கெனவே தோண்டியாயிற்று என்று தெரிந்துகொள்ள. சீட்டு எழுதுவது வரைவாளன் வேலை. தேதியும் பெயரும் போட்டால் போதும். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். உண்மை மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் இருபத்தேழு வருடத்தை ஓட்டினேன். தொப்பிக்குப் பதக்கம் மேல் பதக்கம், அருங்காட்சியகத்தில் பெரிய கூடத்துக்கு அவர் பெயர், எனக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லேபிள் ஒட்டும் வேலை. அவருடைய அறிக்கையில் என் பெயர் "மற்றும் உதவியாளர்கள்". போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தபோது நான் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாதான் போய்விட்டு வந்து, "தொப்பியோடயே படுக்க வெச்சிருந்தாங்க" என்றாள். இருக்கட்டும், ஒரு நாள் அந்த பாட்டில் வாய் திறக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்தது. புதிய குழு ஒன்று போன மாதம் அதே குழியைத் திரும்பத் தோண்டியது, தலைவி உன் வயதுப் பெண். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் சீட்டை வைத்திருந்தாள். "நீங்களே படிச்சிடுங்க சார், நாங்க யாருக்கும் காட்டல" என்றாள். அந்தக் கரிசனம் எதற்கென்று படித்த பிறகுதான் புரிந்தது. "இந்த அறையைத் தோண்டியவன் நான். முதல் வகுப்பில் தேறியவன். என் உழைப்பை ஒருவர் திருடுகிறார்" என்று தொடங்கி, தொப்பி என்னை ஜீப்பின் பின்னால் உட்காரவைத்தது, கூடாரத்தில் எனக்கு மட்டும் கால் உடைந்த கட்டில் கொடுத்தது, விருந்தாளிகள் முன்னால் டீ கொண்டுவரச் சொன்னது என்று பக்கம் முழுக்க அதுவேதான். போகப் போக எழுத்து சின்னதாகி, கடைசி மூலையில் "இன்னும்" என்ற சொல்லோடு தாள் தீர்ந்துவிட்டது. தாழ்ப்பாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இரண்டு பேரைப் பற்றியும் இல்லை.

பிறகு வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "ஆனா சார், உங்க கையெழுத்துப் போட்ட படத்துல கதவு சும்மாதானே இருக்கு?" என்று கேட்டாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான். ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான் என்றேன். இனி எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அந்த இரண்டு பேரும் படையால் செத்தவர்களாகவே இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, உனக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். எதையும் பிரதி எடுத்து வைக்கிற என் புத்தி உனக்குத் தெரியும். பதினொன்றும் அதே சீட்டுதான். தொப்பி, உன் மாமா என்னை மதிக்காதது, நீ சொல்லாமல் போனது, ஊர் என்ன பேசியது. சொல்ல வேண்டியது ஒன்றில்கூட இல்லை. இந்தத் தாளும் தீர்ந்து போவதற்குள் எழுதிவிடுகிறேன். நீ வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று சொன்ன அன்று, கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கிவந்து உன் அறைக் கதவின் வெளிப்பக்கம் நாலு திருகாணி போட்டு முடுக்கியவன் நான். இரண்டு நாள். முதல் நாள் தட்டினாய், "திறங்கப்பா, அப்பா" என்றாய், "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றேன். இரண்டாம் நாள் நீ தட்டவில்லை. சத்தமே இல்லாத அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்தேன். நீண்டு கிடந்த அந்தக் கையைக் கண்ணால் பார்த்தவன், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று உலகத்துக்கே சொல்லத் துடித்தவன். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா திறந்துவிட்டாள், அவளால் நீ பிழைத்தாய். அந்த நகரத்தில் தாழ்ப்பாள் போட்டவனை நான் கொலைகாரன் என்றே நினைத்திருந்தேன். இப்போது மதியம் கண்ணயர்ந்தால் அவன் வருகிறான். தோளில் மூட்டையோடு கதவோரம் குனிந்து, பத்திரமா இருங்க, நல்லதுக்குத்தான், வந்துடறேன் என்கிறான். குரல் என் குரலாக இருக்கிறது.

நான் செய்தது தப்பு. ஊருக்குப் பயந்தோ, உன்மேல் பாசத்திலோ என்று அதற்கு ஒரு காரணம் ஒட்டமாட்டேன்.

நேற்று அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன், திருகாணி துருப்பிடித்துப் போய் வர மறுத்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று, "இப்பதான் கை வந்துச்சா?" என்றாள். ஓட்டைகளை அடைக்கப் போனேன், "விடுங்க, அவ வந்தா பாக்கட்டும்" என்று தடுத்துவிட்டாள். நாலு ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் அறைக் கதவு, பத்தில் ஒரு பங்கு அளவில், நடைவழியிலிருந்து பார்த்தபடி. இந்தத் தடவை தாழ்ப்பாளை விட்டுவிடவில்லை. தேதி போட்டிருக்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போய்வந்து நன்றாக இருக்க வேண்டும். குழந்தை நடக்க ஆரம்பிக்கும் முன் வீட்டுக் கதவுகளை ஒரு தடவை பார்த்துவிடு, வெளியே தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடு. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, படத்தை மட்டும் தொலைத்துவிடாதே, அதற்கு நான் பிரதி எடுக்கவில்லை.

உன் கதவைப் பூட்டிய,
அப்பா