நைனா, உன் பேர் வெறும் முனுசாமிதான்

என் உயிரான நைனாவுக்கு,

உன் கொள்ளுப்பேத்திகளின் சேதியை முதலில் கேட்டுக்கோ. பெரியவள் வித்யா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலையில் சேர்ந்துவிட்டாள். நடுவுல உள்ளவள் கீதா கபடியில் கோப்பை வாங்கினாள். சின்னவள் நித்யா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். நம் வீட்டில் உனக்குப் பிறகு கடல் தாண்டுவது அவள்தான். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை நைனா. தம்பி மகன் செல்வம், சாதிச் சங்கத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டு, அடி அண்ணாமலை தெருமுனையில் நித்யாவை வாழ்த்திப் பேனர் கட்டினான். மேலே உன் படம். உன் பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம். அவள் பேருக்கும் அதே வால்.

மலேயா தோட்டத்தில் பேர் எழுதிய கணக்குப்பிள்ளை கிராணியிடம் நீ அந்தப் பட்டத்தைத்தானே பேராகச் சொன்னாய்? கூட வந்தவர்களும் அப்படியே. மறுநாள் காலை அவன் அதைக் கூப்பிட, ஆறு பேர் எழுந்து நின்றீர்களாம். அன்றிலிருந்து நீ முனுசாமி. "எங்கம்மா வச்ச பேரு அங்கதான் எனக்குக் கிடைச்சுது"ன்னு கண் மூடும்வரை சொன்னாய்.

ஊர் திரும்பியதும், கப்பலில் எல்லாச் சாதியோடும் ஒரே பானைச் சோறு தின்றதை மறைக்காமல் சொன்னாய். அதற்காக ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு உன்னைச் சேர்க்கவில்லை. பரிகாரம் செய் என்றார்கள். தப்பே செய்யாதவனுக்கு என்ன பரிகாரம் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாய். அன்று உன்னைத் தள்ளிவைத்தவர்களின் பேரன்கள்தான் இன்றைக்குச் சங்கத்தில் இருக்கிறார்கள். நீ அவர்கள் இனத்தின் பெருமையாம். வெட்கம் வேண்டாமா?

செல்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பட்டம் போடலன்னா தாத்தா யாருன்னு எப்படித் தெரியும் அத்தை?"

"போட்டா மட்டும் தெரியுமாடா? உங்க தாத்தா கடல் தாண்டிப் போய் கழட்டிப் போட்டத நீ பொறுக்கி வந்து மாட்டுறியா?"

நித்யாவும் பேனரைப் பார்த்துக் கேட்டாள், "என் பாஸ்போர்ட்டுல பேருக்குப் பின்னால அப்பா பேர்தான இருக்கு. இது யாரு ஆயா?"

முனையில் நானே நின்று பேனரை அவிழ்க்க வைத்தேன். ஆனால் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தப் பேனர் படம் இன்னும் கிடக்கிறது. எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ?

நான் உயிரோடு இருக்கும்வரை உன் பேரில் எதையும் ஒட்ட விடமாட்டேன் நைனா. இது சத்தியம். நித்யாவிடமும் சொல்லிவிட்டேன்: வேலைக்குப் போன முதல் நாளே, சட்டையில் நித்யான்னு உன் பேர் அட்டையைக் குத்தி நின்னு, வாட்ஸ்அப்புல புதுசா ஒரு படம் போடு கண்ணு.

முனுசாமி மகள்,
பச்சையம்மாள்