நான் உள்ளே நுழையும் சத்தம்

1 ஜூலை, செவ்வாய்

கிள்ளான் நகரத்து அத்தனை கோயில் மணிகளும் சாட்சி: இங்கே நான் எழுதப்போவதை ஒருத்தனும் நம்பமாட்டான். என் மனைவி மகதலேனா நிச்சயமாக நம்பமாட்டாள். நான் மழை பெய்கிறது என்றாலே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறவள் அவள்.

டெங்கில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு வாத்தியார் நான். நடைபாதையில் செருமினால் செம்பனை மரத்துக் காக்கைகூட அலகை மூடிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட மரியநாயகம், ஓய்வு பெற்ற பிறகு, கடைவீட்டு மாடியில் ஒரு டியூஷன் சென்டரில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு என்கிற காட்டுப்பன்றிக் கூட்டத்துக்குப் பின்னம் சொல்லித் தருகிறேன். இன்று அவர்கள் போட்ட கூச்சலில் ஷா ஆலத்தில் இரண்டு தொழிற்சாலைகள் சங்கு ஊதிவிட்டதாக நினைத்து வேலையை நிறுத்தின.

வகுப்பு முடிந்ததும் முதலாளி தங்கமணி வந்தான். என் வயதில் பாதி. கையில் மூன்று போன்.

"சார், கீழ பியூட்டி பார்லர் அக்கா சண்டைக்கு வந்துட்டாங்க. ஒங்க வகுப்புச் சத்தம் தாங்கலையாம். இந்த மாசத்துக்குள்ள அடங்கலன்னா ஐந்தாம் ஆண்ட பக்கத்து ரூம் டீச்சர் செரீனாகிட்ட கொடுத்துருவேன். நீங்க கவுண்டர்ல உக்காந்து போட்டோஸ்டேட் பாத்துக்கலாம்லா."

போட்டோஸ்டேட். நான். அந்த மெஷின் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

3 ஜூலை, வியாழன்

இன்று சட்டம் பிறந்தது. நான் உள்ளே நுழைந்தால் அனைவரும் எழ வேண்டும். ஒரே குரலில் வணக்கம். ஒருவன் பிசகினாலும் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி எழ வேண்டும். பாடத்தின் நடுவே வாயைத் திறக்கிறவன் எழுந்து நின்றபடியே கணக்குப் போட வேண்டும்.

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

கிஷன் கையைத் தூக்கினான். பதினொரு வயது. முகம் கோயில் பீடத்தில் சிறகு விரித்து நிற்கும் சம்மனசு. உள்ளே முழு நரகம். "சார், மூச்சு விடலாமா?"

முதல் ஆளாக அவனை நிற்க வைத்தேன்.

8 ஜூலை, செவ்வாய்

துரோகம்! சட்டத்தை மீறியிருந்தால் மன்னித்திருப்பேன். பாவிகள் கடைப்பிடிக்கிறார்கள்.

மூக்குச் சிந்த வெளியே போய்த் திரும்பினேன். மொத்த வகுப்பும் படாரென்று எழுந்தது. "வணக்க்க்கம் ஐயாஆஆ!" போன் வந்தது, வாசலுக்கு வெளியே ஒரு கால்தான் வைத்தேன். அந்தக் கால் திரும்பி வந்ததற்கும் ஒரு வணக்கம். சாக்பீஸ் கதவுப் பக்கம் உருண்டது, எடுக்கக் குனிந்தேன். வணக்கம்.

"என்னடா இது?"

"ஒங்க ரூல் சார்," என்றான் கிஷன். பக்கத்தில் டேரன், சாட்சிக் கூண்டில் நிற்பவன்போலத் தலையாட்டினான்.

சிரித்த பத்துப் பேரை நிற்க வைத்தேன். உட்கார வைத்தேன். மறுபடி நிற்க வைத்தேன். பின்னத்தில் ஒரு கணக்குகூட முடியவில்லை.

தங்கமணி படிக்கட்டிலேயே வழிமறித்தான். "சார், போன வாரத்தவிட மோசமா இருக்காம். ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் பாதிப் புருவம் போயிருச்சாம்."

பேசுகிற வாய்களை எல்லாம் மூடிவிட்டேனே. அப்புறம் எங்கிருந்து வருகிறது சத்தம்? பொறாமை. அந்தப் பார்லர்காரிக்கும் செரீனாவுக்கும் ரகசிய உடன்படிக்கை. சந்தேகமே இல்லை.

10 ஜூலை, வியாழன்

பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். உளவு அல்ல, எனக்குக் கழுத்துப் பிடிப்பு.

செரீனா வகுப்புக்கு முன்னாலேயே வந்து பலகையில் ஒரு கேள்வி எழுதிவிட்டு வாசலில் நிற்கிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அவளுக்கு ஒரு வணக்கம், பெயர் சொல்லி அவள் ஒரு வணக்கம், போய் உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான். அவள் வெளியே போய் வந்தாலும் ஒருத்தரும் எழுவதில்லை. மரியாதை கெட்ட வகுப்பு. ஈ பறந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பறக்கிறது.

"அங்கிள், வேணும்னா ஒரு நாள் நான் செஞ்சு காட்டவா?"

"நீ பால் போத்தலைப் பிடிக்கும் முன்னாடியே நான் ஹெட்மாஸ்டரை அழ வெச்சவன்மா."

"சரி அங்கிள்." சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் இருக்கிறது.

15 ஜூலை, செவ்வாய்

போர் தொடுத்தேன். செரீனாவிடம் 'அஞ்சே நிமிஷம் பாத்துக்கம்மா' என்று வகுப்பை விட்டுவிட்டு, படி இறங்கி, பார்லருக்குள் புகுந்தேன். உள்ளே ஒரு ஆன்டி முகம் முழுக்கப் பச்சைச் சாந்தோடு படுத்திருந்தார். பிணமோ என்று பயந்துவிட்டேன். கடைக்கார அமுதவள்ளி புருவம் எடுக்கும் நூலை வாயில் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் மேல் மாடி சாரா?"

"ஆமா. பிள்ளைங்கன்னா பேசத்தான் செய்வாங்க. அதுக்குப் போயி..."

"பேசுறது எனக்குக் கேக்கவே கேக்காதுங்க சார்."

அந்த நேரம் பார்த்து மேலே செரீனா என் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறாள். சட்டம் சட்டம்தானே. இருபது சொச்சம் நாற்காலிகள் ஓட்டுத்தரையில் ஒரே நேரத்தில் பின்னால் இழுபட்டன.

ஐயோ. இரும்பு பீரோவை லோரியிலிருந்து இறக்காமல் தள்ளிவிட்டதுபோல இருந்தது. விளக்கு ஆடியது. பச்சை ஆன்டி எழுந்து உட்கார்ந்து இயேசுவே என்றார்.

அமுதவள்ளி நூலை வாயிலிருந்து எடுத்தாள். "பிள்ளைங்க சத்தம் இல்ல சார். நீங்க உள்ள போற சத்தம்."

பச்சை ஆன்டிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் படியேறினேன்.

17 ஜூலை, வியாழன்

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி மாட்டினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் பிடுங்கப்பட்டு ஆகாயத்தில் பறந்தன. ஒன்று என் காதில். காலேப் என்கிற பொடியன் சத்தியம் செய்கிறான், எறிந்தது கிஷனாம். கிஷன் சத்தியம் செய்கிறான், காற்றாம்.

"சார்," என்றான் அந்தச் சம்மனசு, "ஒக்காந்துகிட்டே வணக்கம் சொன்னா கணக்கு வராதா?"

வகுப்பு வாயைப் பிளந்தது. நான் அவனை முறைத்த முறைப்பில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆனால் என்ன சொல்வது? சொல்லுங்கள், என்ன சொல்வது? முப்பது வருடம் நான் நுழைந்தால் எழுந்தார்கள். அது போய்விட்டால், உள்ளே வருகிறவன் யார்? கரண்டு பில் கொண்டுவருகிறவனா?

18 ஜூலை, வெள்ளி

மகதலேனாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"ஒங்களுக்கு வகுப்பு வேணுமா, சல்யூட் வேணுமா?"

இந்த வீட்டில் எனக்கு ஆதரவு கிடையாது. மீன் மட்டும் என்னைப் பார்த்தது.

22 ஜூலை, செவ்வாய்

சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். செரீனாவைப் பார்த்து அல்ல, என் சொந்த மூளையில் உதித்த திட்டம்.

முன்னதாகவே போனேன். பலகையில் ஒரு பின்னக் கணக்கு எழுதினேன். வாசலில் நின்றேன். "இனி யாரும் எழ வேணாம். வாசல்லயே வணக்கம் சொல்லிட்டுப் போயி, பலகையில உள்ளத ஆரம்பிங்க."

கிஷன் நின்றான். "வணக்கம் சார்." ஏதாவது சேர்ப்பான் என்று காத்திருந்தேன். சேர்க்கவில்லை. அதுவே ஒரு வகைக் கேலி.

"வணக்கம் கிஷன்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஒரு பல் ஆடுகிறது.

டேரன் கணக்கில் பகுதியையும் பகுதியையும் கூட்டிவைத்திருந்தான். அதைத் திருத்த இன்று எனக்கு நேரம் இருந்தது. மோசமான வகுப்பு. மூன்று பக்கம் முடித்தோம்.

நடுவில் தாள் நகலெடுக்கப் போய்த் திரும்பினேன். ஒருத்தனும் எழவில்லை. தலைகூட நிமிரவில்லை. பட்டத்து யானைபோல நடந்து என் இடத்துக்குப் போனேன். எனக்கொன்றும் இல்லை.

24 ஜூலை, வியாழன்

அமுதவள்ளி படியேறி வந்து தங்கமணியிடம் கேட்டாளாம்: "மேல் மாடி சார் வேலையை விட்டுட்டாரா? ரெண்டு கிளாஸா ஆளையே காணோம்."

இதைச் சொல்லித் தங்கமணி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவனை மனதுக்குள் கடலில் எறிந்தபடி.

31 ஜூலை, வியாழன்

புது அட்டவணை ஒட்டியிருக்கிறான். ஐந்தாம் ஆண்டு, செவ்வாய், வியாழன்: மரியநாயகம். செரீனா பார்த்துவிட்டு, "கங்கிராட்ஸ் அங்கிள்," என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். இந்தப் பெண்ணை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பின்னம் முடிந்தது. அடுத்து தசமம். கிஷன் வாசலில் வணக்கம் சொல்லிவிட்டு, "சார், இன்னிக்கு ஈஸியா போடுங்க," என்றான். வேண்டுமென்றே கஷ்டமாகப் போட்டேன். போட்டுவிட்டான், கிராதகன்.

சரி, உண்மை. தொழிற்சாலை நிற்கவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, எந்த ஹெட்மாஸ்டரும் அழவில்லை, பட்டத்து யானையும் பொய். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். நகல் தாளோடு திரும்பிய அன்று உடனே உள்ளே போகவில்லை. யாராவது எழுவார்களோ என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.