இருநூறும் தேறின

புதன், இரவு.

எருமப்பட்டிக் கோழிப்பண்ணை மேலாளர் சாயங்காலம் அழைத்தார். தண்ணீரில் எவ்வளவு மருந்து கலப்பது என்று அவருக்குச் சொல்வது எங்கள் மென்பொருள். அதைச் சோதித்துச் சரியென்று அனுப்பியவள் நான்.

"ஏனுங்க, சீக்குல பாதிக் கோழி போயிருச்சுங்க. செத்ததையும் சேத்துத்தானுங்க உங்க புரோகிராம் மருந்து சொல்லியிருக்குது. ரெண்டு மடங்கு மருந்தக் குடிச்சு மிச்சமும் உழுந்துருச்சுங்க."

அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து சோதனைகளை மறுபடி ஓட்டினேன். இருநூறும் தேறின. எத்தனை தேறினாலும் பிழையே இல்லையென்று ஆகிவிடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளும் நான்தான்.

பூஜ்யம் கோழி, லட்சம் கோழி, மைனஸ் ஐந்து கோழிகூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கோழி சாகும் என்று மட்டும் தோன்றவேயில்லை.