சீட்டுக்கடியில் ஒரு கல்

இன்று காலை ஈப்போவிலிருந்து திரும்பிய காய்கறி லாரியில் நம் பழைய காடியின் எஞ்சின் ஹெட் வந்து இறங்கியது. நான் சுற்றி அனுப்பியிருந்த உங்கள் பழைய சுவெட்டரைப் பிரித்ததும், புதிதாக இழைத்த அலுமினியமும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசம். வேலை முடிந்து லயத்து வாசலில் நீங்கள் வந்து நிற்கிற வாசம். எனக்கு அழுகை வரவில்லை.

லாரிக்காரத் தம்பி சொன்னான்: “அக்கா, கடைக்காரன் சொல்லச் சொன்னான். ரெண்டாவது தடவ இழைச்சாச்சாம். இனிமே இழைக்க இடமில்லயாம் லா. பாத்துப் பூட்டுங்க.”

பாத்துப் பூட்ட வேண்டுமாம். பூட்டுகிற ஆள் நீங்கள், போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று பயப்படுகிறவள்.

நம் மகள் இப்போது நிறைமாதம். மருமகன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். நாலு நாளைக்கு முன் அவளை அடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மேலே ஏறும்போதுதான் காடி கொதித்தது. எண்ணெய் மூடியைத் திறந்தால் தே தாரிக் டீ மாதிரி நுரை. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்தது. ரிங்லெட் பட்டறையில், “அடுத்த வாரம் பாக்கலாம் லா” என்றார்கள். பிள்ளை அடுத்த வாரம் வரை காத்திருக்குமா? எஸ்டேட் வேனை நம்பலாமென்றால் சாவி ஆபீஸ் கிராணியிடம், கிராணி டவுனில். நானே பூட்டுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. மறுநாளே ஹெட்டைக் கழற்றி ஈப்போவுக்கு இழைக்க அனுப்பினேன்.

முதல் தடவை ஹெட்டைப் பூட்டியது நினைவிருக்கிறதா என்று கேட்க வந்தேன். அதை எப்படி மறப்பீர்கள்? அன்று பாதி வேலையில் இருட்டிவிட்டது. திறந்து கிடந்த எஞ்சின்மேல் கோணிச்சாக்கைப் போட்டு வைத்து, விடிந்ததும் பூட்டினீர்கள். நம் மலைப் பனி சாக்கை நனைத்து, போல்ட் இறங்கும் குழிகளில் சொட்டித் தேங்கியிருக்கிறது. போல்ட் அந்தத் தண்ணீரில் முட்டி நின்றது. ஸ்பேனர் ‘கிளிக்’ என்றது, இறுகிவிட்டதென்று நாமும் நம்பினோம். தேயிலைக் காட்டுக் குளிரில் காடி அருமையாக ஓடியது. தாப்பாவிலிருந்து ஏறுகையில்தான், ஒரு வளைவில் கேஸ்கட் கிழிந்து எஞ்சின் அணைந்தது. காடி பின்னால் உருண்டது. பின்னால் பள்ளம். நீங்கள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தீர்கள். நான் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குதித்து, கைக்கு அகப்பட்ட கல்லைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து உங்கள் விரல்களை நான்தான் பிரித்தெடுத்தேன். உங்களுக்கும் பயம் உண்டென்று அன்றுதான் பார்த்தேன். அந்தக் கல்லையும் காடியில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தீர்கள்.

அதன் பிறகு எந்த எஞ்சினைப் பூட்டினாலும், துணியைத் திரியாக முறுக்கிக் குழிக்குள் விட்டெடுத்து என் கன்னத்தில் வைப்பீர்கள். “என் கையெல்லாம் எண்ண. ஈரம் ஒனக்குத்தான் தெரியும் புள்ள.” லயமே பார்த்துச் சிரிக்கும். “போதும், மானம் போவுது” என்பேன். “நீ பயந்துகிட்டே நில்லு லா. எனக்கு அது போதும்” என்பீர்கள்.

இன்று திரியை விட்டெடுத்து என் கன்னத்தில் நானே வைத்துக்கொண்டேன். ஈரம். துணியை மாற்றி மறுபடி வைத்தேன். ஈரம். அப்புறம்தான் உறைத்தது, என் கன்னமே நனைந்து கிடந்தது.

மகளைக் கூப்பிட்டேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொரு திரிக்கும், “காஞ்சிருக்கும்மா” என்றாள். கடைசிக் குழிக்கு மட்டும் யோசித்தாள்.

“இது ஜில்லுன்னு இருக்கே.”

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் காய்ந்துவிட்டதென்று சொல்லும் வரை திரி மாற்றி மாற்றி விட்டேன். பிறகுதான் கேஸ்கட்டை வைத்து ஹெட்டை இறக்கினேன். நடுவிலிருந்து வெளியே, எதிரும் புதிருமாக, உங்கள் வரிசையிலேயே முறுக்கினேன். ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் நிறுத்திக் காது கொடுத்தேன்.

சாயங்காலம் தனியாகத் தாப்பா வரை இறங்கி ஏறினேன். அவள் கூட வருகிறேன் என்று அடம்பிடித்தாள், விடவில்லை. அந்த வளைவில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, சூட்டு முள் நடுவிலேயே நின்றது. அப்படியும் பயம் போகவில்லை.

காடி இப்போது மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி வாசலில் நிற்கிறது. “அதான் சரியாயிருச்சே, இன்னும் ஏம்மா பயப்படுற?” என்கிறாள். உங்களிடம் சொல்கிறேன். தைரியத்தை நீங்கள் கூடவே கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு விட்டுப்போனது பயம் ஒன்றுதான். அந்தக் கடைசிக் குழியைக் காய வைத்ததும் அதுதான்.

வலி கண்டதும் இரண்டு பேராக இறங்குவோம். ஏறும்போது மூன்று பேர். என் சீட்டுக்கடியில் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.