எட்டுப் போட்ட நாளை நீ எழுதினாய்

ஆகஸ்ட் 12, செவ்வாய், மாலை 6.10. எழுதியவை மூன்று, கிழித்தவை மூன்று. வேலை பார்த்துக்கொண்டே சேர்ந்திருக்கும் மேற்படிப்பில், சொந்த அனுபவம் ஒன்றைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மதியம் கொடுக்க வேண்டும். எதிரே இருப்பது பி.இ. முதல் வருடத்தில் நீ எழுதிய கட்டுரை. நீ போனபின் திருமங்கலத்தில் உன் அம்மா ஃபைலோடு எடுத்துக் கொடுத்தார். மேலே சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது. இன்னும் எரிகிறது எனக்கு.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடப் போய் நாம் இருவரும் ஒரே நாளில் ஃபெயிலானோம். வகுப்பில் இருவருமே அதைத்தான் எழுதினோம். நான் லேப் ரெக்கார்டு மாதிரி எழுதினேன்: நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு. கால் ஊன்றியது இரண்டு முறை. ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். நான்கு மார்க்.

நீ எழுதியது என் அப்பாவை. நான் பாஸாகிவிடுவேன் என்று முன்கூட்டியே மைசூர்பாகு வாங்கி வந்து, நான் கால் ஊன்றியதும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தவரை. "எனக்குத்தேன் வாங்குனேன்" என்றார், தினமும் சுகர் மாத்திரை போடுகிற மனிதர். மேடம் அதை வாசித்தபோது வகுப்பே உன்னைத் திரும்பிப் பார்த்தது.

பஸ்ஸில் சண்டை போட்டேன். "அவரு எங்கப்பாடா. நீ எப்படி எழுதலாம்?"

"நீ விட்டுட்ட மாப்ள. சும்மா நின்னாரு, எடுத்துக்கிட்டேன்."

"நானுந்தேன் பாத்தேன்!"

"பாத்தேல்ல? இம்புட்டுப் பெரிய ரெக்கார்டுல அவருக்கு ஒரு வரி இல்லையாடா?"

போன வருடம் நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாருக்கும் தெரியாது. கையில் டிரிப்ஸோடு நீ ஏதோ கதை சொல்ல, பக்கத்துக் கட்டில்காரர், நர்ஸ், உன் அம்மா எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படுத்துக் கிடந்தாலும் இவனைச் சுற்றித்தான் கூட்டமா என்று இருந்தது. வார்டு வாசலோடு திரும்பிவிட்டேன். நாளை வரலாம் என்று நினைத்தேன். விடிவதற்குள் நீ இல்லை.

"கோரிப்பாளையத்துல டிராபிக்கும்மா, வந்து சேர முடியல" என்றேன் உன் அம்மாவிடம். நம்பினார். கிழித்த மூன்றிலும் அந்த டிராபிக்கைத்தான் எழுதியிருந்தேன்.

நீயாக இருந்தால் அந்த வாசலை ஒரே பத்தியில் எழுதி முடித்திருப்பாய். அதை நினைத்தும் பொறாமைதான். நீ விட்டுப்போனதில் குறையாமல் என்னிடம் இருப்பது அந்தப் பொறாமை ஒன்றுதான். இனி செய்யப்போவது:

1. வார்டு வாசலில் தொடங்குவேன்.
2. திரும்பியதற்குக் காரணம் பொறாமை என்று அந்தச் சொல்லையே போடுவேன்.
3. கல்லூரியில் கொடுக்கும் முன், காலையில் திருமங்கலம் போய் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன்.
4. என்ன திட்டினாலும், அவர் போகச் சொல்லும்வரை எழுந்து வர மாட்டேன்.